வீட்டுச் சென்சார்களுக்குப் பேட்டர்ன் எழுதுவது: சாதனத்தை வாங்காதவருக்கு அதில் என்ன இடம்?

சுவர்க்கோழி எழுதியது:

தனியாக வாழும் முதியவர்களுக்கான கண்காணிப்பு அமைப்பு ஒன்றில் வேலை செய்கிறேன். கேமரா கிடையாது. அறைக்கு ஓர் அசைவு சென்சார், வாசல் கதவில் ஒன்று, மெத்தைக்கு அடியில் அழுத்தம் அறியும் விரிப்பு, விழுந்தால் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க ஒரு மைக். தூரத்தில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ ஆப் வழியாகத் தகவல் போகும்.

தொழில்நுட்பம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. சிக்கல் வேறு இடத்தில். சில வீடுகளில் மைக்கின் மேல் துணியைப் போட்டு மூடிவிடுகிறார்கள். சிலர் இரவில் விரிப்பின் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் படுக்கிறார்கள். கேட்டால், "தானாகக் கழன்றிருக்கும்" என்பதுதான் பதில்.

ஒவ்வொரு வீட்டுக்கும் புதிதாக உட்கார்ந்து யோசிக்க ஆள் பற்றாது. அதனால் சமூகம் ஏற்கக்கூடிய தீர்வுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய டிசைன் பேட்டர்ன்களாக எழுதிவைக்கலாம் என்று குழுவில் பேச்சு. "அனுமதி கேள்", "விளக்கு எரியவிடு", "தரவைக் குறை" என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம். இந்த வழி சரியா?

தறிநாடா எழுதியது:

வழி சரி. ஆனால் நீங்கள் போட்டிருப்பது கட்டளைகளின் பட்டியல், அதைப் பேட்டர்ன் என்று சொல்ல முடியாது.

கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் 1977இல் கட்டடங்களுக்கும் ஊர்களுக்கும் 253 பேட்டர்ன்கள் எழுதினார். ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு சூழல் வரும். பிறகு அந்தச் சூழலில் எந்தெந்தத் தேவைகள் ஒன்றோடொன்று இழுபறி செய்கின்றன என்பது வரும். கடைசியில்தான் தீர்வு. அவருடைய 127ஆம் பேட்டர்ன் உங்களுக்கு நேராகவே பொருந்தும்: வாசலுக்கு அருகில் எல்லாரும் வரக்கூடிய இடம், உள்ளே போகப்போக அந்தரங்கம் கூட வேண்டும் என்கிறது. வாசல் கதவுக்கும் படுக்கைக்கும் ஒரே அளவு சென்சார் போட்டால் அந்த வரிசை அப்படியே தட்டையாகிவிடும். உங்கள் ஆட்கள் பிடுங்குவது கதவு சென்சாரை அல்ல, விரிப்பின் ஒயரை. கவனித்தீர்களா?

நிரல் எழுதுபவர்களுக்கு 1994இல் புத்தகமாக வந்த 23 பேட்டர்ன்கள் தெரிந்திருக்கும். எங்கும் நிறைந்த கணிமைக்கு, அதாவது உங்கள் சென்சார்கள்போல் அன்றாடச் சூழலுக்குள் கணினியை வைக்கும் துறைக்கு, 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 45 எழுதினார்கள். அவற்றை அவர்கள் "பேட்டர்னுக்கு முந்தையவை" என்றுதான் அழைத்தார்கள். துறை இளசு, பல வருடம் புழங்கிப் பழகிய தீர்வுகள் இன்னும் இல்லை என்பது காரணம். 16 ஜோடி வடிவமைப்பாளர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது யோசனைகள் எழவும், அவற்றைப் பிறருக்கு விளக்கவும், சில பிழைகளை ஆரம்பத்திலேயே தவிர்க்கவும் அவை உதவின. அந்த அடக்கம் நமக்கும் தேவை.

கல்தச்சன்99 எழுதியது:

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. நிரலில் ஒரு பேட்டர்னைத் தவறான இடத்தில் போட்டால் நிரல் சிக்கலாகும், பிறகு பிரித்துத் திருத்தலாம். ஒருவர் வீட்டுக்குள் தவறான பேட்டர்னைப் போட்டால் அவர் நடமாட்டமே மாறிவிடும். அதைப் பழையபடி திருத்த முடியாது. "இது சோதித்த பேட்டர்ன்" என்று சொல்லிக்கொண்டு யோசிக்காமலே விட்டுவிடுவார்கள் என்பதுதான் என் பயம்.

ஆலம்விழுது எழுதியது:

கல்தச்சனின் பயம் நியாயமானது. அந்தப் பயத்தைப் பேட்டர்னுக்கு உள்ளேயே எழுதிவைக்க வேண்டும் என்பேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணினிகள் சுற்றுப்புறத்தில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்ய வேண்டும் என்று ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் மார்க் வைசர் 1991இல் எழுதினார். அழகான கனவு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றிடம் யாரும் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. இந்தத் துறையின் சமூகச் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

ஏறக்குறைய அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தில் ஒரு பேட்ஜ் செய்தார்கள். சட்டையில் மாட்டிக்கொண்டால் 15 விநாடிக்கு ஒருமுறை அகச்சிவப்பு ஒளியில் ஓர் அடையாளக் குறியை அனுப்பும். யார் எந்த அறையில் இருக்கிறார் என்று பார்த்து, வரும் தொலைபேசி அழைப்பை அங்கே திருப்பலாம். இதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். அகச்சிவப்பு ஒளி மேசை இழுப்பறையைத் தாண்டாது. பேட்ஜை உள்ளே போட்டால் ஆள் "காணவில்லை". மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே போட்டாரா என்று யாருக்கும் தெரியாது. எந்த செட்டிங்ஸும் திறக்காமல், யாரிடமும் விளக்கம் சொல்லாமல் ஒருவர் விலகிக்கொள்ள முடிந்தது.

உங்கள் பெரியவர்கள் "தானாகக் கழன்றிருக்கும்" என்று சொல்வதும் இதுதான். அதைப் பழுது என்று பதிவு செய்யாதீர்கள். உங்கள் வடிவமைப்பில் இல்லாத ஒரு வசதியை அவர்கள் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

2004இல் லெடரர், ஹாங், டே, லாண்டே ஆகியோர் அந்தரங்கம் குறித்து வடிவமைப்பாளர்கள் விழும் ஐந்து குழிகளைப் பட்டியலிட்டார்கள். எந்தத் தகவல் போகக்கூடும் என்பதை மறைப்பது, உண்மையில் எது போகிறது என்பதை மறைப்பது, செயலை விட்டுவிட்டு செட்டிங்ஸ் பக்கத்தை நம்புவது, சட்டென்று மொத்தமாக நிறுத்தும் வழி இல்லாமல் விடுவது, மனிதர்கள் ஏற்கெனவே பழகிவைத்திருக்கும் நடைமுறையைக் குலைப்பது. ஐந்தாவதுதான் கனமானது. போன் அடித்தால் எடுக்காமல் விடுவதும், பிறகு "கவனிக்கவில்லை" என்பதும் மனிதர்களுக்குள் உள்ள நாகரிகம். 2014 நவம்பரில் வாட்ஸ்அப் நீல டிக்கைக் கொண்டுவந்தபோது அந்த இடம் பறிபோனது. எதிர்ப்பு வந்தது, அதை அணைக்கும் வசதியும் சீக்கிரமே வந்தது. அந்த வசதியில் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள்: நான் அணைத்தால் மற்றவர் படித்தாரா என்பதும் எனக்குத் தெரியாது.

இந்த இருபக்க நியாயத்தை அப்படியே ஒரு பேட்டர்னாக எழுதலாம். அம்மா எழுந்தாரா என்று மகளுக்குத் தெரிகிறது என்றால், மகள் எப்போது ஆப்பைத் திறந்து பார்த்தாள் என்று அம்மாவுக்கும் தெரியட்டும்.

இரவுப்பணி எழுதியது:

நான் வீடுகளில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். கணினி வடிவமைப்பு தெரியாது. ஆனால் இந்த இழையில் இதுவரை என்னைப் பற்றி யாரும் பேசவில்லை.

வீட்டில் இருப்பது பெரியவர் மட்டும் இல்லை. நான் இருக்கிறேன். எனக்குப் பதில் வருபவர் இருக்கிறார். உங்கள் அசைவு சென்சாருக்கு நான் யார், அவர் யார் என்று தெரியாது. இரவு இரண்டு மணிக்குச் சமையலறையில் அசைவு என்று செய்தி போகும், காலையில் மகன் என்னிடம் கேட்பார். கால் மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் "அசைவு இல்லை" என்று போகும், அதற்கும் கேள்வி. நான் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

மைக்கில் துணி போட்டது பெரியவர்தான் என்று எப்படித் தெரியும்?

சுவர்க்கோழி எழுதியது:

இந்தக் கோணம் எங்கள் பட்டியலில் இல்லை. "பயனர்" என்று எழுதிய இடத்தில் எல்லாம் மகளையோ பெரியவரையோதான் நினைத்திருக்கிறோம். சென்சாருக்கு அருகே விளக்கு ஒன்று எரியவிட்டால் வருபவர் எல்லாருக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாமா?

தறிநாடா எழுதியது:

விளக்குப் பேட்டர்னைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

போன் கேமரா தெரியாமல் படம் எடுக்கக் கூடாது என்பதற்காகத் தென் கொரியாவில் 2004இல் ஒரு தொழில்துறைத் தரம் வந்தது. போனை ஓசையில்லா நிலையில் வைத்தாலும் படம் எடுக்கும்போது 60 முதல் 68 டெசிபல் வரை சத்தம் வர வேண்டும். சத்தம் என்பதால் திரும்பிப் பார்க்காதவருக்கும் கேட்கும், பார்வையற்றவருக்கும் கேட்கும். 2020இல் ஐஓஎஸ் 14 வந்தபோது மைக் ஓடினால் ஆரஞ்சுப் புள்ளி, கேமரா ஓடினால் பச்சைப் புள்ளி என்று திரையில் காட்டினார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது போன் வைத்திருப்பவருக்கு மட்டும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் புள்ளி தெரியாது.

2021இல் ஃபேஸ்புக்கும் ரேபானும் கேமரா வைத்த கண்ணாடியை விற்றபோது, அதில் இருந்த சின்ன எல்இடி விளக்கு போதுமா என்று அயர்லாந்து, இத்தாலி தரவுப் பாதுகாப்பு ஆணையங்கள் கேள்வி எழுப்பின. எதிரில் இருப்பவருக்கு அந்த விளக்கு கண்ணில் படுமா, பட்டாலும் என்ன என்று புரியுமா?

ஆக, விளக்குப் பேட்டர்ன் வேலை செய்ய மூன்று தேவை. கண்ணில் பட வேண்டும், பொருள் புரிய வேண்டும், பார்த்தபின் செய்ய ஏதாவது இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம். இரவுப்பணி அவர்களுக்கு விளக்கு தெரிகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து அவர் என்ன செய்வார்? வேலையை விட்டுப் போவதா? மாற்று வழி எதுவும் தராத அறிவிப்பு வெறும் எச்சரிக்கைப் பலகைதான்.

2019இல் கூகுளின் நெஸ்ட் என்ற வீட்டுப் பாதுகாப்புக் கருவிக்குள் ஒரு மைக் இருப்பது தெரியவந்ததும் இதோடு சேரும். அது அணைத்தே வைக்கப்பட்டிருந்தது என்று கூகுள் சொன்னது. ஆனாலும் பெட்டியில் அச்சிட்ட தொழில்நுட்ப விவரத்தில் அது இல்லை. ஓடுகிறதா என்பதைக் காட்டும் விளக்கு, "இது எதையெல்லாம் கேட்கக்கூடியது" என்பதைச் சொல்லாது. அதற்கு வேறு பேட்டர்ன் வேண்டும்.

ஆலம்விழுது எழுதியது:

வாங்காதவரை மனதில் வைத்து எழுதிய பேட்டர்ன் எப்படி வளரும் என்று பார்க்க ஏர்டேக் நல்ல உதாரணம். தொலைந்த பொருளைக் கண்டுபிடிக்க அதில் மாட்டிவைக்கும் ஆப்பிளின் சின்னக் கருவி அது; பிறர் பையில் போட்டு அவரைப் பின்தொடரவும் முடியும். 2021 ஏப்ரலில் வந்தபோது, உரிமையாளரைப் பிரிந்து மூன்று நாள் ஆன ஏர்டேக் சத்தம் போடும். பின்தொடரப்படும் ஒருவருக்கு மூன்று நாள் என்பது மிக நீண்ட காலம். ஜூனில் அதை 8 முதல் 24 மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நேரம் என்று மாற்றினார்கள். போனிலேயே தானாக எச்சரிக்கை வருவது ஐபோன்காரர்களுக்கு மட்டும் இருந்தது. டிசம்பரில் ஆண்ட்ராய்டுக்கு ஓர் ஆப் வந்தது, அதையும் நாமே திறந்து தேட வேண்டும். ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து எழுதிய பொதுவான விதிமுறை இரண்டு வகைப் போன்களிலும் நடைமுறைக்கு வர 2024 மே ஆனது.

இதில் தீராத இழுபறி ஒன்று இருக்கிறது. எச்சரிக்கை சீக்கிரம் வந்தால் பின்தொடரப்படுபவர் தப்பிப்பார், திருடனும் டேகைக் கழற்றி எறிந்துவிடுவான். பின்தொடரப்படுபவருக்கும் பொருளைப் பறிகொடுத்தவருக்கும் ஒரே நேரத்தில் உதவவும் முடியாது, டேக் இருப்பது பின்தொடரப்படுபவரிடமா திருடனிடமா என்று பிரித்து அறியவும் முடியாது. நல்ல பேட்டர்ன் இதை மறைக்காது. யார் பக்கம் சாய்ந்தோம், ஏன் என்று எழுதிவைக்கும். அது எழுதியிருந்தால்தான் அடுத்த குழு தன் சூழலுக்கு அது பொருந்துமா என்று முடிவெடுக்க முடியும். கல்தச்சனுக்கு என் பதில் இதுதான்.

படித்துறை எழுதியது:

சட்டம் படித்தவள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன்.

ஜெர்மனியின் காசல் பல்கலைக்கழகத்தில் இந்தத் தலைப்பிலேயே நல்ல வேலை நடந்தது. கணினி, பயன்பாட்டியல் (கருவி பயன்படுத்த எளிதா என்று பார்ப்பது), சட்டம் மூன்று துறையினரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். சட்டத்தின் பக்கத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது கோரா என்ற முறை. அரசியலமைப்பின் உரிமையில் தொடங்கி, அதிலிருந்து சட்டத் தேவைகள், அதிலிருந்து அளவுகோல்கள், அதிலிருந்து தொழில்நுட்ப இலக்குகள், கடைசியில் வடிவமைப்பு யோசனை என்று படிப்படியாக இறங்கிவரும். மேலே இருக்கும் உரிமை, தன் தகவலைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை. 1983 டிசம்பரில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில் ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை அங்கீகரித்தது.

எனக்கு இதில் பிடித்தது அந்தப் படிக்கட்டு. "தரவைக் குறை" என்று மட்டும் எழுதினால் எவ்வளவு குறைத்தால் போதும் என்று யாருக்கும் தெரியாது. எந்த உரிமைக்காகக் குறைக்கிறோம் என்ற சங்கிலி கூடவே இருந்தால், தொழில்நுட்பம் மாறினாலும் அந்தப் பேட்டர்னைத் திருத்தி எழுத முடியும். விரிப்புக்குப் பதில் நாளை ரேடார் வரும். மேல் படி அப்படியே இருக்கும், கீழ்ப் படி மட்டும் மாறும்.

"வீட்டுக்குள் நடப்பது சொந்த விஷயம், சட்டம் தொடாது" என்று யாராவது சொன்னால் முழுவதும் நம்பாதீர்கள். ஐரோப்பாவில் வீட்டுக்குப் பொருத்திய கேமரா பொதுச் சாலையையும் சேர்த்துப் பதிவு செய்த வழக்கில், அது தனிப்பட்ட வீட்டு விஷயம் என்ற விலக்கில் வராது என்று 2014 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. உங்கள் மைக் பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்குமா என்று சோதித்தீர்களா?

கல்தச்சன்99 எழுதியது:

சரி, எழுதிக் காட்டுங்கள். ஒரே ஒரு பேட்டர்ன். அதில் நான் ஓட்டை தேடுகிறேன்.

சுவர்க்கோழி எழுதியது:

மேலே பேசியதை வைத்து ஒரு வரைவு.

பெயர்: முதலில் அவருக்கே.

சூழல்: வீட்டில் உள்ள சென்சார்கள் ஒருவரைப் பற்றி ஏதோ ஒன்றை ஊகிக்கின்றன. அந்த ஊகம் வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒருவருக்குப் போக வேண்டியிருக்கிறது.

இழுபறி: ஆபத்து என்றால் தகவல் உடனே போக வேண்டும். ஆனால் சென்சாரின் ஊகம் பலமுறை தவறும். கைத்தடி விழுந்தாலும் ஆள் விழுந்ததாகத் தோன்றும். தவறான செய்தி போனால் பெரியவர் விளக்கம் சொல்ல வேண்டியவர் ஆகிறார். தன்னைப் பற்றிய செய்தியைத் தானே கடைசியில் கேட்பது அவமானமாகவும் இருக்கும்.

தீர்வு: எந்த ஊகமும் முதலில் வீட்டில் இருப்பவருக்கே, குரலிலும் விளக்கிலும், எளிய வாக்கியமாகப் போகும். "விழுந்துவிட்டீர்களா?" என்று கேட்கும். கைக்கு எட்டும் பெரிய பொத்தான் ஒன்றை அழுத்தினாலோ பதில் சொன்னாலோ செய்தி வெளியே போகாது. பதில் வராவிட்டால் குறித்த நேரத்துக்குப் பிறகு போகும். தடுத்த செய்திகளின் பட்டியலும் வெளியே போகாது. ஒலியை வீட்டுக் கருவியிலேயே ஆராய்ந்து அங்கேயே அழித்துவிட வேண்டும்.

யாருக்குப் பாதிப்பு: பெரியவர், பராமரிப்பாளர், விருந்தினர். மூவரும் பொத்தானை அழுத்தலாம்.

கல்தச்சன்99 எழுதியது:

மூவரும் அழுத்தலாம் என்பதுதான் ஓட்டை. பெரியவரைத் துன்புறுத்துபவரே வீட்டில் இருந்தால் அவர் அழுத்திவிடுவார். முதியவர்களுக்குத் துன்பம் பெரும்பாலும் வெளியாரிடமிருந்து வருவதில்லை.

இரவுப்பணி எழுதியது:

உண்மை. அது நடக்கிறது. ஆனாலும் பொத்தானை என்னிடமிருந்து எடுத்துவிட்டால் பெரியவர் தூங்கும்போது நான் பாத்திரத்தைக் கீழே போட்டாலும் மகனுக்கு மணி அடிக்கும். இரண்டு பொத்தான் வையுங்கள். அவருக்கு ஒன்று. எனக்கு ஒன்று, நான் அழுத்தினால் "வீட்டில் இருப்பவர் பார்த்துவிட்டார்" என்று செய்தி போகட்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் அசைவு எல்லாம் போவதுதான் ஆட்சேபம்.

இன்னொன்று. மறதி நோய் உள்ளவரிடம் குரலில் கேள்வி கேட்டால் பயந்துவிடுவார். "யார் பேசுகிறார்கள்?" என்று எழுந்து தேடுவார், அப்போதுதான் விழுவார். அந்த வீடுகளில் இந்தப் பேட்டர்ன் கூடாது என்று எழுதுங்கள்.

தறிநாடா எழுதியது:

அவர் சொன்ன கடைசி வரிதான் எந்த வடிவமைப்பு ஆவணத்திலும் காணோம். "எங்கே பயன்படுத்தக் கூடாது" என்ற பகுதியை விருப்பப் பகுதியாக விடாதீர்கள். அது காலியாக இருந்தால் பேட்டர்ன் வெளியே போகக் கூடாது என்று குழுவில் விதி வையுங்கள்.

ஜோனதன் குரூடின் 1988இல் குழுவாக வேலை செய்வதற்கான மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று ஆராய்ந்து, கூடுதல் வேலை ஒருவருக்கும் பலன் இன்னொருவருக்கும் போவது முக்கியமான காரணம் என்றார். உங்கள் அமைப்பில் நிம்மதி மகளுக்கு. விளக்கம் சொல்லும் வேலை இரவுப்பணி அவர்களுக்கு. ஒவ்வொரு பேட்டர்னிலும் பலன் யாருக்கு, சுமை யாருக்கு என்று இரண்டு வரி கட்டாயம் வேண்டும்.

படித்துறை எழுதியது:

ஒப்புதலையும் ஒருமுறை வாங்கி முடித்துவிடாதீர்கள். மறதி நோய் படிப்படியாக வளரும். முதல் நாள் சரி என்றவர் ஒரு வருடம் கழித்து எதற்குச் சரி என்றார் என்றே நினைவில்லாமல் இருப்பார். நிலை மாறும்போதெல்லாம் மறுபடி கேட்பதும், கேட்க முடியாத நிலை வந்தால் சேகரிப்பைக் கூட்டாமல் குறைப்பதும் தனிப் பேட்டர்னாக வர வேண்டும். நடைமுறையில் எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள். அவரால் மறுக்க முடியாமல் போன பிறகுதான் கேமராவே வருகிறது.

சுவர்க்கோழி எழுதியது:

ஒயர் பிடுங்குவதை என்ன செய்வது என்பது இன்னும் பாக்கி. ஒயரைப் பிடுங்காமலே விரிப்பை நிறுத்த ஒரு சுவிட்ச் வைத்தால், "இரவு 10 மணிக்கு நிறுத்தினார்" என்று ஆப்பில் தெரியும். அதுவே கேள்வியாகும்.

ஆலம்விழுது எழுதியது:

ஆப்பில் என்ன தெரிய வேண்டும் என்பதை மாற்றுங்கள். விநாடிக்கு விநாடி படுக்கையில் இருக்கிறாரா என்று மகளுக்குத் தேவையில்லை. காலையில் ஒருமுறை "வழக்கம்போல்" என்று வந்தால் போதும். அந்த ஒரு சொல் விரிப்பிலிருந்தும் வரலாம், கதவிலிருந்தும் வரலாம், பெரியவர் பொத்தானைத் தொட்டும் வரலாம். எதிலிருந்து வந்தது என்று காட்ட வேண்டாம். அப்போது விரிப்பை நிறுத்தியது தனியாகத் தெரியாது, அவருக்கு இழுப்பறையும் கிடைத்துவிடும்.

விழுவதைக் கண்டறிவது மட்டும் இதில் சேராது. அது நின்றிருந்தால் மகளுக்குத் தெரியத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இல்லாத பாதுகாப்பை நம்பி இருப்பாள். அதனால் இரண்டையும் தனித்தனிக் கருவியாகவே பிரியுங்கள், ஒரே கருவியில் இரண்டு வேலை வேண்டாம்.

இரவுப்பணி எழுதியது:

பிரிக்கும்போது விரிப்பின் சுவிட்சைக் கட்டிலின் தலைமாட்டில் வையுங்கள். காலடியில் வைத்தால் அவர் எழுந்து குனிய வேண்டும். வரைவின் அடுத்த பதிப்பைப் போடுங்கள், என்னோடு வேலை செய்பவர்களுக்குப் படித்துக் காட்டுகிறேன்.